சுண்ணாம்புப் பாசிகளுக்கான 24 ஸ்லைடு பெட்டி: ஒரு மதிப்புரை

கடற்பாசிகளில் சுண்ணாம்பைத் தம் உடலிலேயே படியவைத்துக்கொள்ளும் வகைகளை மட்டும் தேர்ந்தெடுத்து, இன்று பவளத்திட்டுகளில் வாழ்பவற்றையும் பாறைக்குள் புதைபடிவமாகக் கிடப்பவற்றையும் ஒரே பெட்டியில் அடுக்கி விற்கிறார்கள் என்று நண்பர் ஒருவர் சொன்னபோது நான் நம்பவில்லை. நுண்ணோக்கி ஸ்லைடு விற்பவர்கள் தாவரவியலுக்கு ஒரு பெட்டி, விலங்கியலுக்கு ஒரு பெட்டி, நிலவியலுக்கு ஒரு பெட்டி என்று பிரித்தே விற்பது வழக்கம். இந்தப் பாசிகளோ மூன்று துறைகளுக்கும் நடுவில் அகப்பட்டு, எந்தப் பெட்டியிலும் ஒன்றிரண்டுக்கு மேல் இடம் கிடைக்காமல் போனவை. கல்லூரியில் தாவரவியல் கற்பித்த 30 ஆண்டுகளும் இவற்றைக் கரும்பலகையில் வரைந்து காட்டியே காலம் தள்ளிய எனக்கு, ஓய்வு பெற்ற பிறகாவது நேரில் பார்த்துவிட வேண்டும் என்ற ஆசை இருந்ததால், விலையைப் பற்றி வீட்டில் அதிகம் பேசாமல் வாங்கிவிட்டேன். ஆறு மாதமாக ஞாயிற்றுக்கிழமைகளில் வரும் நான்கைந்து மாணவர்களோடு இதைப் பயன்படுத்திய பிறகே இம்மதிப்புரையை எழுதுகிறேன். குறைகளையும் சொல்ல வேண்டியிருப்பதால் விற்பனையாளரின் பெயரைத் தவிர்க்கிறேன். இத்தகைய பெட்டியை யாரிடம் வாங்கினாலும் எதையெல்லாம் சோதித்துப் பார்க்க வேண்டும் என்பதற்கு இதிலுள்ளவை உதவும்.

பெட்டி மரத்தாலானது; ஒவ்வொரு ஸ்லைடுக்கும் தனிப் பள்ளம் உண்டு; மூடியின் உட்புறம் எண் வரிசையில் ஒரு பட்டியல் ஒட்டப்பட்டிருக்கிறது. முதல் 10 ஸ்லைடுகள் இன்று வாழும் பாசிகள், அடுத்த 14 புதைபடிவங்கள். உடன் வரும் கையேடு மெல்லியது, ஆங்கிலத்தில் மட்டுமே உள்ளது. கூரியரில் வந்தபோது 6ஆம் எண்ணும் 17ஆம் எண்ணும் உடைந்திருந்தன. படம் எடுத்து அனுப்பியதும் 6க்கு மாற்று வந்தது. 17க்கு இன்னும் வரவில்லை, இருப்பு இல்லை என்ற பதில் மட்டும் வந்தது. பஞ்சு வைத்துக் கட்டியிருந்தால் இரண்டும் பிழைத்திருக்கும்.

முதலில் தரத்தைப் பார்ப்போம். பாறையைச் சீவி ஒட்டிய ஸ்லைடுக்கு நிலவியலார் வைத்திருக்கும் வழக்கமான தடிமன் 30 மைக்ரான், அதாவது ஒரு மில்லிமீட்டரில் நூற்றில் மூன்று பங்கு. கனிமங்களை அடையாளம் காண அது போதும். ஆனால் செம்பாசிகளில் பவளப்பாசி எனப்படும் குடும்பத்தின் செல்கள் பெரும்பாலும் 10 மைக்ரான் அகலத்தையொட்டியே இருப்பதால், 30 மைக்ரான் சீவலில் மூன்று அடுக்குச் செல்கள் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்து, செங்கல் சுவரைக் கண்ணாடித்தாளில் மூன்று முறை வரைந்து ஒன்றாக வைத்ததுபோல் குழம்பித் தெரியும். இப்பெட்டியைத் தயாரித்தவர் இதை அறிந்தவர். செம்பாசி ஸ்லைடுகள் மற்றவற்றைவிடத் தெளிவாகவே மெலிதாகத் தேய்க்கப்பட்டிருப்பதால், 40 மடங்கு பொருளருகு வில்லையில் செல் சுவர்கள் ஒற்றைக் கோடுகளாக நிற்கின்றன. 11, 12, 20 ஆகிய மூன்றில் மட்டும் ஓரத்தில் காற்றுக்குமிழிகள் சிக்கியிருக்கின்றன. நடுப்பகுதி பார்க்கத் தடையில்லை.

பெட்டியின் உயிர் எது என்று கேட்டால், 2ஆம் எண்ணையும் 13ஆம் எண்ணையும் எடுத்துக் காட்டுவேன். 2ஆம் எண் ஹலிமெடா. சப்பாத்திக்கள்ளியின் மடல்களைச் சுண்டுவிரல் நகத்தளவுக்குச் சுருக்கிக் கோத்தது போன்ற பச்சைப்பாசி இது. இதன் ஓர் இனத்துக்கு லின்னேயஸ் இட்ட ஒபுன்ஷியா என்ற பெயரே அந்தக் கள்ளியின் பெயர்தான். பார்ப்பதற்குப் பல துண்டுகளாகத் தோன்றினாலும் செடி முழுவதும் குறுக்குச் சுவரில்லாத ஒரே நீண்ட செல்லின் கிளைகளால் ஆனது. அந்தக் கிளைகள் மடலின் நடுவே தடித்த குழாய்களாக ஓடி, ஓரத்தை நெருங்கும்போது சிறு பைகளாகப் பிரிந்து மேற்பரப்பில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. இடையில் அடைபட்ட வெளியில்தான் அரகோனைட் என்னும் சுண்ணாம்புக் கனிமம் நுண்ணூசிகளாகப் படிகிறது. ஸ்லைடில் நடுவே பெரிய துளைகளும் விளிம்பில் வரிசையாகச் சிறு துளைகளும், சுற்றிலும் மங்கலான பழுப்புநிறச் சுண்ணாம்புமாக இது அழகாகத் தெரிகிறது. புதிய மடல் ஒன்று இரவில் வெண்மையாக முளைத்து, விடியலுக்கு முன் பசுங்கணிகங்கள் அதற்குள் நகர்ந்த பிறகே சுண்ணாம்பு படியத் தொடங்கும் என்று மாணவர்களிடம் சொல்லிவிட்டு இந்த ஸ்லைடைக் காட்டினால், அந்தத் துளைகள் வெறும் துளைகளாகத் தெரிவதில்லை. இனப்பெருக்கத்தின்போது இச்செடி தன் உயிர்ப்பொருள் முழுவதையும் பாலணுக்களாக்கி ஒரு விடியற்காலையில் நீரில் விட்டுவிடுகிறது. எஞ்சுவது வெள்ளைக் கூடு. அது மடல் மடலாக உதிர்ந்து மணலாகிறது.

அந்த மணலின் அளவைக் கையேடு ஒற்றை வரியில் கடந்துவிடுகிறது. அது எனக்கு வருத்தம்தான். ஆஸ்திரேலியாவின் பெருந்தடுப்புப் பவளத்திட்டின் வடபகுதியில், திட்டுகளுக்குப் பின்னே உள்ள கடற்படுகையை விமானத்திலிருந்து லேசர் கொண்டு அளந்த தரவுகளை ஆராய்ந்தவர்கள், ஹலிமெடா உதிரிகளால் ஆன மேடுகள் 6,000 சதுர கிலோமீட்டருக்கும் மேல் பரவியிருப்பதை 2016இல் வெளியிட்டார்கள். மேலிருந்து பார்க்கும்போது அவற்றில் பல, உளுந்துவடையைப் போல நடுவில் குழிந்த வளையங்கள்; ஒவ்வொன்றும் 200 முதல் 300 மீட்டர் அகலம். ஒரு நகத்தளவு மடல் இத்தனை பரப்பை நிரப்புகிறது என்பதைச் சொல்ல இரண்டு வரி கூடுதலாக அச்சிட்டிருந்தால் குறைந்துபோயிருக்காது.

இனி 13ஆம் எண். யூகோனோஃபில்லம் என்ற பெயரோடு, கார்பனிஃபெரஸ் காலத்தின் பிற்பகுதி என்ற குறிப்போடு உள்ளது. ஏறத்தாழ 30 கோடி ஆண்டு பழமை. இலைவடிவப் பாசிகள் என்று நிலவியலார் அழைக்கும் கூட்டத்தில் ஒன்று இது. உடைந்த அப்பளங்களைக் குவித்ததுபோல் வளைந்த தகடுகள் ஒன்றன்மேல் ஒன்று கிடக்கின்றன. ஆனால் 2ஆம் எண்ணில் கண்ட பழுப்பு ஊசிச் சுண்ணாம்பு எங்கும் இல்லை. தகட்டின் உட்புறம் முழுவதும் பளிங்குபோல் தெளிந்த கால்சைட் படிகங்கள். விளிம்பில் மட்டும், சேற்றால் நிரம்பிய சிறு பைகளின் வரிசை ஒரு நிழல்போல் எஞ்சியிருக்கிறது. மாணவி ஒருத்தி, “ஐயா, இதில் பாசி எங்கே இருக்கிறது?” என்று கேட்டாள். அந்தக் கேள்விக்காகவே இந்தப் பெட்டியை வாங்கலாம் என்று எனக்குத் தோன்றியது. அரகோனைட் நிலையற்றது. புதைந்த பிறகு ஊடுருவும் நீரில் அது கரைந்து வெற்றிடம் உண்டாகிறது. பின்னர் அந்த வெற்றிடத்தைக் கால்சைட் நிரப்புகிறது. ஆகவே நாம் பார்ப்பது பாசியின் உடல் இருந்த அச்சு மட்டுமே. பைகளுக்குள் முன்பே புகுந்திருந்த சேறு கரையாததால் அந்த விளிம்பு வரிசை தப்பியது. பிரிட்டனைச் சேர்ந்த ஹென்றி கிளிஃப்டன் சோர்பி, சுண்ணாம்புப் பாறைகளைச் சீவி நுண்ணோக்கியில் பார்த்து, அரகோனைட் கூடுகளும் கால்சைட் கூடுகளும் பாறையில் வெவ்வேறு விதமாக எஞ்சுவதை 1879இலேயே விளக்கினார். அவர் சொன்னதை இரண்டு ஸ்லைடுகளை மாற்றி மாற்றி வைத்தே கண்டுகொள்ள முடிகிறது.

யூகோனோஃபில்லத்தை ஹலிமெடாவின் நேர் முன்னோராகக் காட்டும் தொனி கையேட்டில் இருக்கிறது. அதை அப்படியே ஏற்க வேண்டாம். வடிவ ஒற்றுமை உண்டு. வம்சத் தொடர்ச்சிக்கு அதுவே சான்றாகாது. ஆனால் அந்த அப்பளக் குவியலின் இடைவெளிகள் வேறொரு வகையில் உலகப் புகழ் பெற்றவை. அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் 1956இல் கண்டுபிடிக்கப்பட்ட அனெத் எண்ணெய் வயலில், எண்ணெய் தேங்கியிருப்பது இத்தகைய பாசி மேடுகளின் துளைகளில்தான். கையேடு இதைக் குறிப்பிடுகிறது, அந்த அளவில் பாராட்டு.

செம்பாசிகளுக்கு வருவோம். 4 முதல் 9 வரை இவை. ஹலிமெடா தன் கிளைகளுக்கு வெளியே சுண்ணாம்பைத் தேக்குகிறது என்றால், பவளப்பாசிகள் ஒவ்வொரு செல்லின் சுவரையே சுண்ணாம்பாக்கிக்கொள்கின்றன. படியும் கனிமமும் வேறு: மக்னீசியம் மிகுந்த கால்சைட். அடியில் கிடைமட்டமாகப் படரும் செல் வரிசைகள், அவற்றிலிருந்து செங்குத்தாக எழும் வரிசைகள், நடுநடுவே இனப்பெருக்கக் குழிகள் என்று கட்டட வரைபடம்போல் ஒழுங்காகத் தெரிகிறது. 5ஆம் எண் பாறையின் மேல் ஊதாச் சாயம் பூசியதுபோல் படரும் மேலோட்டு வகை; 7ஆம் எண் ஆம்ஃபிரோவா, மூட்டு மூட்டாகக் கிளைப்பது, மூட்டுகளில் சுண்ணாம்பு இல்லாததால் அலையில் வளைந்து கொடுப்பது; அந்த மூட்டையே நீளவாக்கில் சீவி வைத்திருக்கிறார்கள், மிக நேர்த்தியான சீவல். வெயிலைத் தேடும் பச்சைப்பாசிகளைப் போலன்றி இவை ஆழத்துக்கும் அஞ்சாதவை: பஹாமாவின் சான் சால்வடோர் தீவருகே 268 மீட்டர் ஆழத்தில், கிட்டத்தட்ட இருட்டில், ஒரு மேலோட்டுப் பவளப்பாசி வாழ்வதை 1980களில் நீர்மூழ்கியில் சென்றவர்கள் கண்டார்கள்.

9ஆம் எண்ணில்தான் பெட்டியின் பெரிய பிழை இருக்கிறது. பசிபிக் பவளத்தீவுகளின் அலைமுகத்தில், பவளங்கள் நிற்க முடியாத அளவுக்கு அலை அறையும் விளிம்பில், பாசிகளே கட்டியெழுப்பும் வரம்பு ஒன்று உண்டு. அந்த வரம்பிலிருந்து எடுத்ததாகச் சொல்லி இந்த ஸ்லைடுக்கு லித்தோதாம்னியான் என்று பெயர் ஒட்டியிருக்கிறார்கள். எனக்கு முதலில் ஐயம் எழுந்தது குழிகளைப் பார்த்துத்தான். லித்தோதாம்னியானின் நால்வித்துக் குழிகளுக்கு, அதாவது வித்துகள் நான்கு நான்காக உருவாகும் குழிகளுக்கு, கூரையில் பல துளைகள் இருக்க வேண்டும். இதில் எல்லாக் குழிகளுக்கும் ஒற்றைத் துளையே இருந்தது. ஆனால் அது மட்டும் போதிய சான்றில்லை, ஏனெனில் ஆண், பெண் பாலணுக்களைத் தாங்கும் குழிகள் எல்லாப் பேரினங்களிலும் ஒற்றைத் துளையோடுதான் இருக்கும், சீவல் அவற்றின் வழியே சென்றிருக்கலாம். பிறகு ஸ்லைடை மெல்ல நகர்த்தியபோது, சிறிய செல்களுக்கிடையே பெரிய செல்கள் தோளோடு தோள் ஒட்டிக் கிடைமட்டமாக அடுக்கிய படலங்கள் பல இடங்களில் தென்பட்டன. அது போரோலித்தான் ஒன்கோடஸின் கையொப்பம். அலைவரம்பைக் கட்டுவதில் பெயர்பெற்ற இனமும் அதுதான் என்பதால், இடம் சரி, பெயர்தான் தவறு. விற்பனையாளருக்கு எழுதினேன், சரிபார்ப்பதாகப் பதில் வந்தது. நான் என் ஸ்லைடில் சிட்டையை மாற்றிவிட்டேன்.

பெயர்க் குழப்பம் இந்தப் பாசிகளுக்குப் புதிதன்று என்பதையும் சொல்ல வேண்டும். பவளப்பாசிகளை நெடுங்காலம் விலங்குகள் என்றே நம்பினார்கள். பவளங்களுக்கு உள்ள துளைகள் இவற்றில் இல்லாததால் துளையற்றவை என்ற பொருளில் நல்லிபோர் என்று அழைத்தார்கள். டார்வின் தன் பவளத்திட்டு ஆய்வில் பயன்படுத்துவதும் அந்தச் சொல்லையே. இவை தாவரங்களே என்பதை 1837இல் ஜெர்மானியரான பிலிப்பி தெளிவாக்கி லித்தோஃபில்லம் என்ற பெயரையும் இட்டார். கல் இலை என்பது அதன் பொருள்.

டார்வினின் பெயர் வந்ததால் ஓர் இடைச்செருகல். பவளத்தீவுகள் மெல்ல அமிழும் எரிமலைகளின் மேல் வளர்ந்தவை என்ற அவருடைய கருத்தைச் சோதிக்க, லண்டன் ராயல் சொசைட்டி 1896 முதல் 1898 வரை பசிபிக்கிலுள்ள ஃபுனாஃபுட்டி தீவில் துளையிட்டது. கடைசியில் எட்டிய ஆழம் 1,114 அடி. 1904இல் வெளியான அந்த ஆய்வின் அறிக்கையில், அங்கே திட்டைக் கட்டும் உயிர்களை முக்கியத்துவப்படி வரிசைப்படுத்தியபோது லித்தோதாம்னியான் முதலிடத்திலும், ஹலிமெடா அடுத்தும், ஃபொராமினிஃபெரா எனும் நுண்ணுயிரிகள் மூன்றாவதாகவும், பவளம் நான்காவதாகவும் வைக்கப்பட்டன. எல்லாத் திட்டுகளுக்கும் இந்த வரிசை பொருந்தாது. ஆனாலும் பவளத்திட்டு என்ற சொல்லைக் கேட்டதும் பவளத்தை மட்டுமே நினைக்கும் நம் வழக்கத்துக்கு நல்ல மருந்து. இந்தப் பெட்டியின் கையேடோ, முதல் பக்கத்திலேயே ‘பவளம் கட்டுகிறது, பாசி பூசுகிறது’ என்ற பொருளில் தொடங்குகிறது. பூச்சு வேலைக்காரர்தான் பல இடங்களில் கொத்தனார் என்பதற்குச் சான்றாக 4 முதல் 9 வரை ஆறு ஸ்லைடுகளைக் கொடுத்துவிட்டு இப்படி எழுதியிருக்கிறார்கள். பவளத்தின் இளங்குஞ்சுகளே பெரும்பாலும் மேலோட்டுப் பவளப்பாசிகளின் வேதிக் குறிப்பை உணர்ந்துதான் இறங்கி ஒட்டிக்கொள்கின்றன. அதைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை.

புதைபடிவச் செம்பாசிகளில் 22ஆம் எண் அருமை: வியன்னாவைச் சுற்றியுள்ள மயோசீன் காலத்து லைத்தா சுண்ணாம்புக்கல். புனித ஸ்டீபன் தேவாலயம் உட்பட அந்நகரின் பல பழைய கட்டடங்களுக்குக் கல் தந்த பாறை இது. இதில் செல் சுவர்கள் நேற்று வெட்டியதுபோல் நிற்கின்றன. 5ஆம் எண்ணோடு ஒப்பிட்டால் நிறம் மட்டுமே வேறுபாடு. 13ஆம் எண்ணில் பச்சைப்பாசியின் உடல் கரைந்தது ஏன், இது நிலைத்தது ஏன் என்று மாணவர்களே கேட்டுவிடுகிறார்கள். மக்னீசியம் மிகுந்த கால்சைட்டும் புதைந்த பின் நிலையாக இருப்பதில்லை என்றாலும், அது மக்னீசியத்தை இழந்து சாதாரணக் கால்சைட்டாக மாறும்போது நுண்ணமைப்பைப் பெரும்பாலும் காப்பாற்றிக்கொள்கிறது. ஆகவே பாறையில் பவளப்பாசி அதிகம் தெரிவதும் பச்சைப்பாசி குறைவாகத் தெரிவதும் அன்றைய கடலில் எது அதிகம் இருந்தது என்பதை மட்டும் சொல்வதில்லை. எந்தக் கனிமம் தாக்குப்பிடித்தது என்பதையும் சேர்த்தே சொல்கின்றன. கையேட்டில் இந்த விளக்கம் ஒழுங்காக இருக்கிறது.

16ஆம் எண் சொலெனோபோரா, ஆர்டோவிசியன் காலத்துச் செம்பாசி என்று ஒட்டப்பட்டிருக்கிறது. பழைய பாடநூல்களை வைத்துப் படித்த நானும் அப்படியே கற்பித்தவன்தான். ஆனால் இப்பேரினத்தின் மூல இனமான சொலெனோபோரா ஸ்பாஞ்சியாய்டெஸ் பாசியே இல்லை, கீட்டெட்டிட் வகைக் கடற்பஞ்சு என்று புதைபடிவ ஆய்வாளர் ராபர்ட் ரைடிங் 2004இல் காட்டியிருக்கிறார். அந்தப் பெயரின்கீழ் பின்னாளில் சேர்க்கப்பட்ட எல்லாவற்றையும் அது தள்ளிவிடாது. இங்கிலாந்தின் ஜுராசிக் பாறைகளில் இளஞ்சிவப்புப் பட்டைகளோடு கிடைத்து, பீட்ரூட் கல் என்று செல்லப்பெயர் பெற்ற சொலெனோபோரா வேறு கதை. ஆனால் ஆர்டோவிசியன் என்று எழுதிய ஸ்லைடுக்கு ஒரு கேள்விக்குறியாவது போட்டிருக்க வேண்டும். நான் இதைப் பெட்டியிலிருந்து நீக்கவில்லை, தேர்வுக்கு வைக்கிறேன்: குறுக்குச் சுவர்களையும் குழாய்களையும் பார்த்துவிட்டு இது எதுவென்று சொல்லுங்கள் என்று கேட்க இதைவிட நல்ல ஸ்லைடு கிடையாது. 11ஆம் எண் ஜிர்வனெல்லாவும் இத்தகையதே. ஸ்காட்லாந்தின் ஜிர்வன் ஊர்ப் பெயரைத் தாங்கிய இந்தச் சுருண்ட நுண்குழாய்கள் இன்று நீலப்பசும் பாக்டீரியாக்களாகவே பெரும்பாலும் கருதப்படுகின்றன. செம்பாசி, பச்சைப்பாசி, பாக்டீரியா மூன்றும் தனித்தனி வம்சங்கள். சுண்ணாம்பு மட்டுமே அவற்றுக்குப் பொது. மூடியின் பட்டியலில் மூன்றையும் ஒரே நிறத்தில் அச்சிட்டதால் புதியவர்கள் ஒரே குடும்பம் என்று எண்ணிவிடுவார்கள்.

டாசிகிளாட் எனப்படும் பச்சைப்பாசிகளுக்கு 14, 15, 17, 18 என நான்கு எண்கள் ஒதுக்கியிருக்கிறார்கள். 17 உடைந்துபோனதால் எனக்கு மூன்று. நடுத்தண்டைச் சுற்றி அடுக்கடுக்காகக் கிளைகள் வட்டமிட்டிருக்கும் இந்தச் செடிகள் ஒற்றைச் செல்லாலானவை, தற்காலத்து உறவினரான அசெட்டபுலேரியாவை வைத்துத்தான் ஜெர்மானிய உயிரியலாளர் ஹெம்மர்லிங், செல்லின் வடிவத்தை உட்கருவே தீர்மானிக்கிறது என்பதை 1930களில் நிறுவினார் (அது 3ஆம் எண்ணாகப் பெட்டியில் இருக்கிறது, சுமாரான ஸ்லைடு, தொப்பி மடிந்திருக்கிறது). 14ஆம் எண் பெர்மியன் காலத்து மிட்சியா வெலெபிட்டானா. குரோவாசியாவின் வெலெபிட் மலையின் பெயரைத் தாங்கிய இது, அமெரிக்காவின் குவாடலூப் மலைகளிலுள்ள கேப்பிட்டன் திட்டின் பின்புறப் பாறைகளிலும் கிடைக்கிறது; ஆழமற்ற, வெதுவெதுப்பான, அமைதியான நீரின் அடையாளம். 15ஆம் எண் ஆல்ப்ஸ் மலையின் டிரையாசிக் பாறையிலிருந்து வந்த டிப்ளோபோரா அன்னுலாட்டா. 18ஆம் எண் ஜுராசிக் கிளைபைனா.

இந்த மூன்றிலும் ஒரே குறை: சீவல் எந்தத் திசையில் சென்றது என்று எங்கும் எழுதவில்லை. வெண்டைக்காயைக் குறுக்காக நறுக்கினால் ஐந்து கால் பூ, சாய்வாக நறுக்கினால் நீள்வட்டம், நெடுக்காகப் பிளந்தால் விதை வரிசை. மூன்றையும் தனித்தனியே பார்த்தவர், வெண்டைக்காயை முழுதாகப் பார்த்திராவிட்டால், மூன்று காய்கள் என்றே சொல்வார். டாசிகிளாட்டுகளில் அடையாளம் காண்பதே இந்தத் திசைகளை மனத்தில் ஒன்றுசேர்க்கும் வேலைதான். வியன்னாவின் ஜூலியஸ் பியா 1920இல் இந்தக் குழுவுக்கு ஒழுங்கான வகைப்பாட்டை எழுதியபோது செய்ததும், சிதறிய வெட்டுமுகங்களிலிருந்து முழுச் செடியை மீட்டெடுத்ததுதான். 14ஆம் எண்ணில் வட்டங்களும் 18இல் சாய்வெட்டுகளும் மட்டும் இருப்பதால், என் மாணவர் ஒருவர் இரண்டு வாரம் களிமண்ணில் கிளைபைனா செய்து அதை ஊசியால் வெட்டிப் பார்த்த பிறகே ஸ்லைடு அவருக்குப் பிடிபட்டது. பயிற்சி என்ற வகையில் நல்லதுதான். ஆனால் விலை கொடுத்து வாங்கியவர் எல்லோருக்கும் களிமண் பொறுமை இருக்காது.

பியாவின் பெயரைக் கையேட்டில் பார்த்ததும், அதே பக்கத்தில் நின்னியூர் இருக்கும் என்று ஆவலோடு தேடி ஏமாந்தேன். அரியலூர் பகுதியின் அந்த ஊரையொட்டிய படுகைகளிலிருந்து கிடைத்த புதைபடிவப் பாசிகளை, பெங்களூருவின் எல். ராமராவும் வியன்னாவின் பியாவும் சேர்ந்து ஆராய்ந்து 1936இல் வெளியிட்டார்கள். அன்று திருச்சிராப்பள்ளி மாவட்டத்தின் உச்சநிலைக் கிரிட்டேசியஸ் என்று அவர்கள் குறித்த அந்தப் படுகைகளை இன்று பாலியோசீன் காலத்தின் தொடக்கமாகவே கொள்கிறார்கள். அதில் பியா பெயரிட்ட டாசிகிளாட்டுகளில் ஒன்று டிசோக்ளாடெல்லா சாவித்ரியே, மற்றொன்று இண்டோபோலியா சத்யவந்தி. எமனிடம் வாதாடிய சாவித்திரியையும் அவள் மீட்ட சத்தியவானையும் நினைக்காமல் நம்மால் இப்பெயர்களைப் படிக்க முடியுமா? பெரும் அழிவில் டைனோசார்கள் மறைந்ததற்குச் சற்றுப் பின்னான பாறையில் இவை கிடைக்கின்றன என்பது சுவையைக் கூட்டுகிறது. அதே காவிரிப் படுகையில் கல்லக்குடியின் சுண்ணாம்புக்கல்லிலும் கிரிட்டேசியஸ் காலத்துப் பவளங்களோடு செம்பாசிகள் உண்டு. இந்தியாவில் விற்கும் பெட்டியில் மேகாலயாவின் பழைய சுண்ணாம்புக்கல்லிலிருந்து டிஸ்டிகோபிளாக்ஸ் ஒன்றை மட்டும் (21ஆம் எண்) வைத்துவிட்டு, பாசிப் புதைபடிவ ஆய்வில் உலகம் அறிந்த ஊரை விட்டுவிட்டது ஏன் என்று எனக்கு விளங்கவில்லை.

இதைவிடக் கடுமையாகச் சொல்ல வேண்டிய குறை, இடக்குறிப்புகள் பற்றியது. 14 புதைபடிவங்களில் ஐந்துக்கு மட்டுமே கிடைத்த இடம் எழுதியிருக்கிறது; மற்றவற்றுக்குக் காலத்தின் பெயர் மட்டும். ‘கிரிட்டேசியஸ்’ என்று மட்டும் எழுதிய 19ஆம் எண் ஸ்போரோலித்தான், செல் வரிசைகளுக்கிடையே வித்தறைகள் தனித்தனிக் குப்பிகளாக அடுக்கியிருப்பதைத் துல்லியமாகக் காட்டும் மிகச் சிறந்த சீவல். பவளப்பாசிக் கூட்டத்தில் மிகப் பழையனவாகக் கிரிட்டேசியஸ் காலத்தின் முற்பகுதியிலேயே தலைகாட்டும் பேரினம் அது. ஆனால் எந்த நாட்டின் எந்தப் படுகை என்று தெரியாமல் அதை வைத்து எதையும் வாதிட முடியாது. கிரிட்டேசியஸ் கடலில் மக்னீசியத்துக்கும் கால்சியத்துக்கும் இருந்த விகிதம் இன்றைய 5.2ஐவிட மிகக் குறைவு என்பதையும், அத்தகைய நீரில் வளர்க்கும்போது இன்றைய பவளப்பாசிகளே மக்னீசியம் குறைந்த கால்சைட்டைப் படியவைக்கின்றன என்று சோதனைகள் காட்டியதையும் சொல்லி இந்த ஸ்லைடைக் காட்ட ஆசைப்பட்டேன். மாணவர் ‘இது எங்கே கிடைத்தது?’ என்று கேட்டதும் நிறுத்திக்கொண்டேன்.

வாழும் பாசிகளுக்கோ, 9ஆம் எண்ணுக்கு அலைவரம்பு என்று சொன்னதைத் தவிர, ஒன்றுக்கும் இடக்குறிப்பு இல்லை. இது வெறும் அறிவியல் ஒழுங்கைப் பற்றிய புகாரன்று. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986 முதல் கடல்சார் தேசியப் பூங்கா. பவளங்கள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளவை. பாசி ஒட்டியிருக்கும் செத்த பவளத் துண்டையும் பூங்காவிலிருந்து அனுமதியின்றி எடுக்க முடியாது. 5ஆம் எண்ணில் பாசிக்குக் கீழே பவளத்தின் தடுப்புச் சுவர்கள் தெளிவாகத் தெரிகின்றன. சட்டப்படி பெறப்பட்ட மாதிரிதானா என்று எழுத்தில் கேட்டேன். வெளிநாட்டிலிருந்து ஆவணங்களோடு இறக்குமதியானது என்று பதில் தந்தார்கள். அதைச் சிட்டையிலேயே அச்சிட்டுவிடலாம். கல்லூரிகள் வாங்கும்போது இந்தக் கேள்வியை முதலில் கேட்டுவிடுவது நல்லது.

விலையை வைத்துப் பார்த்தால், தனியாள் வாங்க அதிகம், துறைக்கு வாங்க நியாயம். அடையாளம் காணும் பயிற்சிக்காக மட்டும் வாங்குபவர்களுக்கு நான் பரிந்துரைக்கமாட்டேன். 9, 16 ஆகியவற்றின் சிட்டைகள் தவறான பாடத்தைச் சொல்லிக்கொடுக்கும். பாசி எப்படிப் பாறையாகிறது என்பதைக் காட்ட விரும்புபவர்களுக்கு 2, 5, 13, 22 ஆகிய நான்கே பெட்டியின் விலையைத் தந்துவிடும். நிலவியலார் பாறைகளுக்குப் பயன்படுத்தும் முனைவாக்க நுண்ணோக்கி வேண்டுமோ என்று தயங்க வேண்டியதில்லை; கல்லூரித் தாவரவியல் ஆய்வகத்தில் உள்ள சாதாரண நுண்ணோக்கியும் 10, 40 மடங்கு வில்லைகளும் போதும். 100 மடங்கு எண்ணெய் வில்லையை மட்டும் பயன்படுத்தாதீர்கள், மூடுகண்ணாடி தடித்திருப்பதால் முட்டிவிடும். பணம் இல்லாத பள்ளிகளுக்கு ஒரு மாற்று உண்டு: சுண்ணாம்புக்கல் துண்டை வழவழப்பாகத் தேய்த்து, மிக நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் சில நொடிகள் நனைத்துக் கழுவி, உலர்ந்ததும் அசிட்டோன் ஊற்றி அசிட்டேட் தாளை ஒட்டி உரித்தெடுத்தால், பாறையின் நுண்ணமைப்பு அச்சு அந்தத் தாளில் பதிந்துவரும். ஸ்லைடின் தெளிவு அதில் வராது, செலவும் இல்லை.

வாங்குவதென்று முடிவு செய்தவர்கள், கேட்பு எழுதும்போதே 14ஆம் எண்ணுக்கு நெடுக்குவெட்டுச் சீவல் ஒன்றைச் சேர்த்து அனுப்பச் சொல்லுங்கள். பட்டியலில் இல்லாவிட்டாலும் அவர்களிடம் அது இருக்கிறது. நான் கேட்ட பிறகு தனிக் கட்டணம் இன்றி அனுப்பினார்கள், இம்முறை பஞ்சில் பொதிந்து.